துன்பத்தில் தோழமை: கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் ஐம்பது இரவுகள்

நெஞ்சில் கிடந்து அழுத்தும் துயரத்தை மற்றொரு மனிதரிடம் எடுத்துரைப்பது பொறுமைக்கு மாறானதா? மார்க்கப் பற்றுள்ள பலருடைய உள்ளத்தில் இக்கேள்வி எழுகிறது. வாய்விட்டுக் கேட்பவர் சிலரே. ஏனையோர் தமக்குள்ளாகவே விடை கூறிக்கொள்கின்றனர். சொல்வது குறை, சொல்லாமலிருப்பதே நிறை என்று எண்ணி, கடனையும் நோயையும் குடும்பத்துப் பிளவையும் உள்ளுக்குள் அடக்கி வைத்துத் தனித்து நலிகின்றனர். வேறு சிலரோ கண்டவரிடமெல்லாம் கொட்டித் தீர்த்து, பின்னர் தம் துயரம் ஊர்ப்பேச்சாகிவிட்டதே என்று வருந்துகின்றனர். இவ்விரு நிலைகளுக்கும் நடுவே ஒரு நேர்வழி உண்டா என்பதை இஸ்லாமிய மூலங்களின் ஒளியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முறையீடும் பொறுமையும்

துயரை வெளியிடலாகாது என்போர் முதலாவதாகக் காட்டும் சான்று யஃகூப் (அலை) அவர்களின் கூற்றாகும். தம் கவலையையும் துக்கத்தையும் அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர்கள் மொழிந்ததைத் திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் 86ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. அதே அத்தியாயத்தில் இருமுறை இடம்பெறும் 'ஸப்ருன் ஜமீல்' எனும் அழகிய பொறுமைக்கு, படைப்பினங்களிடம் முறையிடாத பொறுமை என்று விரிவுரையாளர் பலர் பொருள் கூறியுள்ளனர். இவ்விளக்கத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வசனத்தின் சூழலையும் உடன்வைத்து நோக்க வேண்டும்.

யஃகூப் (அலை) அவர்கள் இதனைக் கூறியது யாரிடம்? யூஸுஃபை நினைத்து நினைத்தே அழிந்துபோவீர்கள் என்று தம்மைக் கடிந்துகொண்ட மைந்தரிடம். அத்துயரத்துக்கே காரணமானவர்கள் அவர்கள். ஆறுதல் தேடிச் செல்லத்தக்க இடமாக அது இருக்கவில்லை. மேலும், தந்தையார் தம் துயரை மறைக்கவுமில்லை. அழுது அழுது அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்று 84ஆம் வசனமே சான்று பகர்கிறது. 86ஆம் வசனத்தை அடுத்து வருவதோ, யூஸுஃபையும் அவருடைய சகோதரரையும் தேடிச் செல்லுமாறு மைந்தருக்கு இட்ட கட்டளை. இறைவனிடம் முறையிட்ட அதே நாவு, மனித முயற்சிக்கும் வழி சொன்னது. ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை.

மூஸா (அலை) அவர்களின் வரலாறு இன்னும் தெளிவானது. ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு பணிக்கப்பட்டபோது, தம் நெஞ்சு நெருக்குண்டுபோவதையும் நாவு சரளமாக இயங்காததையும் அவர்கள் தம் ரப்பிடம் எடுத்துரைத்தார்கள் (26:13). அத்துடன் கேட்டது என்ன? தம் குடும்பத்திலிருந்து சகோதரர் ஹாரூனைத் துணையாக அமைத்துத் தருமாறு வேண்டினார்கள் (20:29-32). இறைவனுடன் நேரடியாக உரையாடும் பேறு பெற்ற ஒரு நபி, அந்த உரையாடலிலேயே ஒரு மனிதத் துணையைக் கேட்டுப் பெறுகிறார். மனிதத் துணையை நாடுவது இறைநம்பிக்கையின் குறைபாடாயின், இவ்வேண்டுதல் ஏற்கப்பட்டிருக்காது.

ஹதீஸ் கலையின் பேரறிஞர் இமாம் புகாரி (ரஹ், வஃபாத் ஹி. 256) தம் ஸஹீஹ் நூலில் நோயாளிகள் பற்றிய பகுதியில் தனியொரு பாடத்தையே அமைத்துள்ளார்கள். எனக்கு வலிக்கிறது, என் தலையே, வலி மிகுந்துவிட்டது என்றெல்லாம் நோயாளி சொல்வதற்குள்ள அனுமதியைப் பற்றியது அப்பாடம். அன்னை ஆயிஷா (ரலி) தலைவலியால் முறையிட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தலைவலியையும் எடுத்துச் சொன்ன நிகழ்ச்சி அதில் பதிவாகியுள்ளது. கடும் காய்ச்சலில் இருந்த பெருமானாரை (ஸல்) இப்னு மஸ்ஊத் (ரலி) தொட்டுப் பார்த்து வினவியபோது, இரு மனிதருக்குரிய காய்ச்சல் தமக்கு இருப்பதாக அவர்கள் விடை பகர்ந்ததும் அங்கேயே இடம்பெறுகிறது. நோயாளி கூறும் சொல் எப்போதும் முறையீடு ஆகிவிடாது என்பதை இமாமவர்கள் பாடத் தலைப்பின் வாயிலாகவே உணர்த்திவிட்டார்கள்.

ஆக, விதியைக் குறைகூறி அல்லாஹ்வைப் பற்றிப் படைப்பினங்களிடம் முறையிடுவது வேறு. மருந்தோ வழியோ ஆறுதலோ நாடி, நடந்ததை நடந்தபடி எடுத்துரைப்பது வேறு. முன்னது பொறுமையை முறிக்கும். பின்னது பொறுமைக்குத் துணையாகும்.

சொற்களின் வேர்கள்

இப்பொருளுக்கு அரபு மொழி வழங்கும் சொற்கள் சிலவற்றின் வேர்களை அறிவது பயன் தரும். ஆலோசனையைக் குறிக்கும் 'மஷூரா' என்னும் சொல்லை, தேனடையிலிருந்து தேனை எடுப்பதைக் குறிக்கும் வினையுடன் மொழியறிஞர்கள் இணைத்துக் காட்டுகின்றனர். மற்றொருவரின் அறிவில் திரண்டு கிடப்பதை எடுத்துப் பயன்கொள்வது மஷூரா. 'நஸீஹத்' என்பதற்கு இரு வேர்ப்பொருள்கள் கூறப்படும். தேனைக் கசடு நீக்கித் தூய்மையாக்குவது ஒன்று. கிழிந்த ஆடையைத் தைப்பது மற்றொன்று. நலம் நாடுபவர் கலப்படமற்ற சொல்லைத் தருகிறார் அல்லது கிழிசலை இணைக்கிறார். கிழிசலைச் சுட்டிக்காட்டி நகைப்பது நஸீஹத் ஆகாது. நண்பரைக் குறிக்கும் 'ஸதீக்' என்ற சொல்லோ உண்மையைக் குறிக்கும் 'ஸித்க்' என்பதன் உடன்பிறப்பு.

நம் பொருளுக்கு எல்லாவற்றினும் முக்கியமானது ஹம்ஸா, ஸீன், வாவ் ஆகிய மூன்றெழுத்து வேர். காயத்துக்கு மருந்திடுவதை 'அஸ்வ்' என்பர். மருத்துவரை 'ஆஸீ' என்பர். ஆறுதல் கூறுதலுக்கு 'தஃஸியா' என்று பெயர். தன்னிடமுள்ளதில் பிறரையும் பங்குகொள்ளச் செய்து துணை நிற்பது 'முவாஸாத்'. பின்பற்றத்தக்க முன்மாதிரி 'உஸ்வா'. மருத்துவம், ஆறுதல், பகிர்வு, முன்மாதிரி என்னும் நான்கும் ஒரே வேரில் கிளைத்திருப்பது சிந்தனைக்குரியது. இவ்வேரிலிருந்து பிறந்த இரு சொற்களை நாம் கீழே காணவிருக்கும் வரலாற்றில் மீண்டும் சந்திப்போம்.

இரு அன்னையர் காட்டிய வழி

ஹிரா குகையில் முதல் வஹீ அருளப்பெற்று நடுக்கத்துடன் இல்லம் திரும்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அன்னை கதீஜா (ரலி) அளித்த ஆறுதல் யாவரும் அறிந்தது. ஆயினும் அதன் ஒழுங்குமுறை கவனத்திற்குரியது. முதலில் போர்த்திவிடுமாறு கேட்டார்கள், போர்த்தப்பட்டார்கள். அச்சம் தணியும்வரை எந்த வினாவும் தொடுக்கப்படவில்லை. பின்னர் நடந்ததையும், தமக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற அச்சத்தையும் அண்ணலார் (ஸல்) தாமாகவே எடுத்துரைத்தார்கள். அன்னையவர்கள் வெறும் தைரிய மொழி கூறவில்லை. உறவைப் பேணுவது, பிறர் சுமையைச் சுமப்பது, இல்லாதோர்க்கு ஈட்டித் தருவது, விருந்தினரை உபசரிப்பது, இடருற்றோர்க்கு உதவுவது எனத் தாம் கண்கூடாகக் கண்ட பண்புகளை எடுத்துக்காட்டி, இத்தகையவரை அல்லாஹ் ஒருபோதும் இழிவுபடுத்தமாட்டான் என்று உறுதி கூறினார்கள். துயருற்றவர் தம்மைப் பற்றித் தாமே மறந்துவிட்ட உண்மையை அவருக்கு நினைவூட்டுவதே ஆறுதலின் உயிர். அதன் பின்னரும் தம் சொல்லே போதுமென்று அமைந்துவிடாமல், முந்தைய வேதங்களை அறிந்த வரகா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள். அன்பால் ஆவதை அன்பால் செய்து, அறிவு வேண்டியதற்கு அறிஞரை நாடியது அவர்களின் நுண்மதி.

இரண்டாவது நிகழ்ச்சி ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு (கி.பி. 628) ஹுதைபிய்யாவில் நடந்தது. உடன்படிக்கை எழுதி முடிந்ததும், பலிப்பிராணிகளை அறுத்துத் தலைமுடி களையுமாறு பெருமானார் (ஸல்) பணித்தார்கள். உம்ரா நிறைவேறாத ஏக்கத்தில் ஆழ்ந்திருந்த நபித்தோழர்களில், மும்முறை கூறியும் எவரும் எழவில்லை. கூடாரத்தினுள் சென்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் இதனை வெளியிட்டார்கள். அன்னையவர்கள் தோழர்களைக் குறைகூறவில்லை. கவலைப்படாதீர்கள் என்ற பொதுமொழியோடும் நிறுத்தவில்லை. வெளியே சென்று எவரிடமும் ஒரு சொல்லும் பேசாமல் தங்கள் பிராணியை அறுத்து, முடி களைபவரை அழைத்துக் களைந்துகொள்ளுங்கள் என்று செயலுக்குரிய ஒரே வழியைச் சொன்னார்கள். அவ்வாறே செய்யப்பட்டதும் அனைவரும் எழுந்து தத்தம் பிராணிகளை அறுத்தனர். வஹீ வரப்பெறும் நபியே துணைவியாரின் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடந்தார்கள் என்றால், ஆலோசனை கேட்பது தமக்குத் தாழ்வு என்று எண்ணுவோர் எதனை ஆதாரமாகக் கொள்வர்?

கஅபின் ஐம்பது இரவுகள்

துன்பத்தில் தோழமை என்னும் பொருளின் எல்லாக் கூறுகளும் ஒருங்கே அமைந்த வரலாறு ஒன்று உண்டு. அது கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தம் வாயாலேயே கூறிய வரலாறு. முதுமையில் பார்வை இழந்தபின் தந்தையை வழிநடத்திச் சென்ற மகன் அப்துல்லாஹ், தந்தையிடம் கேட்டு அறிவித்தது. புகாரியில் போர்கள் பற்றிய பகுதியிலும், முஸ்லிமில் பாவமீட்சி பற்றிய பகுதியிலும் விரிவாகப் பதிவாகியுள்ளது. அரபுக் கல்லூரிகளில் இதனை ஓதும்போது பெரும்பாலும் சட்டங்களையும் பாவமீட்சியின் சிறப்பையும் விளக்கிவிட்டுக் கடந்துவிடுகிறோம். இதில் வரும் மனிதர்களை ஒவ்வொருவராக நிறுத்தி நோக்கினால், தோழமை பற்றிய ஒரு முழுப் பாடநூலே விரிகிறது.

அன்சாரிக் கவிஞரான கஅப் (ரலி), அகபா உடன்படிக்கையில் பங்கேற்றவர். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு (கி.பி. 630) தபூக் புறப்பாட்டின்போது அவருக்குத் தடை எதுவுமிருக்கவில்லை. உடலில் வலிமையும் கையில் வசதியும் இருந்தன. இரு ஒட்டகங்களும் இருந்தன. கடும் வெப்பக் காலம். கனிகள் பழுத்து நிழல் இனித்த நேரம். நாளை ஆயத்தமாவோம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டார். படை புறப்பட்டுப் போயிற்று, அவர் பின்தங்கிவிட்டார். மதீனாவின் தெருக்களில் நடந்தபோது, நயவஞ்சகம் உள்ளோரும் இயலாதோருமே கண்ணில் பட்டனர் என்று அவரே கூறுகிறார்.

இவ்வரலாற்றில் நாம் முதலில் சந்திக்கும் தோழர், கஅபின் எதிரே இல்லாதவர். தபூக்கில் அண்ணலார் (ஸல்) கஅபைப் பற்றி வினவினார்கள். பனூ ஸலிமாவைச் சார்ந்த ஒருவர், ஆடையழகும் தற்பெருமையும் அவரைத் தடுத்துவிட்டன என்னும் பொருள்படக் கூறினார். உடனே முஆத் இப்னு ஜபல் (ரலி) எழுந்து, அது தீய சொல் என்று மறுத்து, கஅபைப் பற்றி நன்மையைத் தவிர வேறெதுவும் தாங்கள் அறியவில்லை என்றார். கஅப் தவறியிருந்தார் என்பது உண்மை. அதற்காக, காரணம் அறியுமுன் அவருடைய மானம் சிதைக்கப்படுவதை முஆத் ஏற்கவில்லை. துன்பத்தில் இருப்பவருக்குச் செய்யப்படும் முதல் உதவி, அவர் இல்லாத இடத்தில் அவர் பெயரைக் காப்பது.

படை திரும்பும் செய்தி வந்ததும் கஅபைக் கவலை பற்றிக்கொண்டது. எதைச் சொல்லித் தப்பலாம் என்று பொய்களை எண்ணலானார். தம் குடும்பத்தில் சிந்தனைத் திறம் உடைய ஒவ்வொருவரின் கருத்தையும் இதற்குத் துணைகொண்டதாகக் கூறுகிறார். அவர் ஆலோசனை கேட்டது உண்மைதான். ஆனால் கேட்ட கேள்வியே கோணலானது. நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. எப்படித் தப்பலாம் என்று கேட்டார். இத்தகைய கேள்விக்கு அறிவாளிகள் பலர் கூடியும் நல்ல விடை தர இயலாது. பெருமானார் (ஸல்) வந்தடைந்துவிட்டார்கள் என்ற செய்தி கேட்டதும் அப்பொய்கள் யாவும் அவர் உள்ளத்தை விட்டு நீங்கின. உண்மையே உரைப்பதென்று தாமே முடிவு செய்தார்.

எண்பதுக்கும் மேற்பட்டோர் பள்ளியில் வந்து சாக்குப்போக்குகள் கூறினர், அவை ஏற்கப்பட்டன. கஅப் தமக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அவர் உண்மை பேசிவிட்டதாகவும், அல்லாஹ்வின் தீர்ப்பு வரும்வரை காத்திருக்குமாறும் கூறப்பட்டது.

வெளியே வந்தபோது பனூ ஸலிமாவைச் சார்ந்தோர் சிலர் பின்தொடர்ந்தனர். அவருடைய நலம் நாடியே பேசினர். மற்றவர்களைப் போல ஒரு காரணம் சொல்லியிருக்கக் கூடாதா, இறைத்தூதரின் பாவமன்னிப்புப் பிரார்த்தனையே உனக்குப் போதுமாக இருந்திருக்குமே என்று கடிந்தனர். திரும்பத் திரும்ப அவர்கள் பேசியதில், மீண்டும் சென்று தம் வாக்குமூலத்தைப் பொய்யென்று கூறிவிடலாமா என்ற அளவுக்குக் கஅபின் மனம் தளர்ந்தது. அன்பு கலந்த தவறான ஆலோசனை பகைவரின் சூழ்ச்சியினும் அபாயமானது. ஏனெனில் அதற்கெதிராக நெஞ்சம் காவல் வைப்பதில்லை.

அந்தத் தளர்ச்சியிலிருந்து அவரை மீட்டது ஒரு கேள்வி. இந்நிலை என்னைத் தவிர வேறு எவருக்கேனும் நேர்ந்துள்ளதா என்று கேட்டார். ஆம், உம்மைப் போலவே சொல்லி, உமக்குச் சொல்லப்பட்டதே சொல்லப்பட்ட இருவர் உள்ளனர் என்று முராரா இப்னு ரபீஉ, ஹிலால் இப்னு உமய்யா (ரலி) ஆகியோரின் பெயர்களைக் கூறினர். பத்ரில் பங்கேற்ற நல்லோர் இருவரைக் கூறினார்கள், அவர்களில் எனக்கு 'உஸ்வா' இருந்தது என்கிறார் கஅப். நாம் மேலே கண்ட வேர்ச்சொல் இங்கே வருகிறது. முன்மாதிரியும் ஆறுதலும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன. அவ்விருவரும் அவரிடம் வந்து ஒரு சொல்லும் பேசவில்லை. அதே நிலையில் அவர்களும் நிற்கிறார்கள் என்ற அறிவு மட்டுமே போதுமாயிற்று. இந்நபிமொழியிலிருந்து பெறப்படும் பாடங்களுள் ஒன்றாக, தன்னையொத்த பிறரைக் காண்பதால் துன்பத்தின் வெப்பம் தணிகிறது என்பதை இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ், வஃபாத் ஹி. 852) தம் ஃபத்ஹுல் பாரியில் எடுத்துக்காட்டுகிறார்கள். ஒரே நோயுற்றோரும் ஒரே இழப்புக்கு ஆளானோரும் ஒருவரையொருவர் சந்திப்பதில் கிடைக்கும் வலிமையின் அடிப்படையும் இதுவே.

பின்னர் மூவருடனும் எவரும் பேசலாகாது என்ற கட்டளை பிறந்தது. ஐம்பது இரவுகள் நீடித்த சோதனை அது. மற்ற இருவரும் இல்லங்களில் அழுதவாறு அமர்ந்துவிட்டனர். வயதில் இளையவரும் உறுதி மிக்கவருமான கஅப் தொழுகைக்குச் சென்றார், கடைவீதியில் நடந்தார், ஒருவரும் பேசவில்லை. பெருமானாருக்கு (ஸல்) ஸலாம் கூறிவிட்டு, பதில் கூற உதடுகள் அசைந்தனவா என்று பார்ப்பார். அவர்களுக்கு அருகே நின்று தொழுதவாறு ஓரக்கண்ணால் நோக்குவார். தொழுகையில் தாம் ஈடுபட்டிருக்கும்போது அவர்கள் தம்மைப் பார்ப்பதையும், தாம் திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் கண்டார். பேச்சு நின்றிருந்தது, பார்வை நிற்கவில்லை.

ஒருநாள் தாங்க முடியாமல், தந்தைவழிச் சகோதரரும் மக்களிலேயே தமக்கு மிகப் பிரியமானவருமான அபூ கதாதா (ரலி) அவர்களின் தோட்டச் சுவரில் ஏறிச் சென்றார். ஸலாம் கூறினார், பதில் இல்லை. அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நான் நேசிப்பதை நீர் அறியமாட்டீரா என்று அல்லாஹ்வை முன்னிறுத்திக் கேட்டார், மௌனம். மீண்டும் கேட்டார், மௌனம். மூன்றாம் முறை, அல்லாஹ்வும் அவன் தூதருமே நன்கறிந்தவர்கள் என்ற சொல் மட்டும் வந்தது. கஅபின் கண்கள் பொங்கின. வந்த வழியே சுவரேறித் திரும்பினார்.

அபூ கதாதா கல்நெஞ்சரா? இல்லை. கட்டளையை மீறி அவர் ஆறுதல் கூறியிருந்தால், கஅப் எந்த உண்மைக்காகத் துன்புறுகிறாரோ அதையே இருவரும் சேர்ந்து உடைத்ததாகியிருக்கும். அவருடைய இறுதிச் சொல்லும் கஅபுக்கான பதிலன்று, தமக்குத் தாமே கூறிக்கொண்டதாக இருக்கலாம் என்று விரிவுரையாளர் சிலர் கருதுகின்றனர். எவ்வாறாயினும், நண்பர் தர இயலாததும் உண்டு என்பதைக் கஅப் அச்சுவரருகே அறிந்தார். அதற்காக அபூ கதாதாவைக் குறைகூறும் ஒரு சொல்லும் பல்லாண்டு கழித்துச் சொன்ன அந்த நெடிய வரலாற்றில் இல்லை. மக்களிலேயே எனக்குப் பிரியமானவர் என்றே அறிமுகம் செய்கிறார்.

நண்பரின் கதவு மூடிய நேரத்தில்தான் மற்றொரு கதவு திறந்தது. ஷாமிலிருந்து தானியம் விற்க வந்த நபத்தீ உழவர் ஒருவர் கடைவீதியில் கஅபைத் தேடினார். மக்கள் பேசாமல் கையால் சுட்டிக் காட்டினர். அவர் தந்தது கஸ்ஸான் மன்னனின் கடிதம். உம் தலைவர் உம்மை ஒதுக்கிவிட்டாராமே, இழிவுற்று வாழும் இடத்தில் அல்லாஹ் உம்மை வைக்கவில்லை, எம்மிடம் வந்துவிடும், உமக்கு ஆதரவு தருவோம் என்பது அதன் கருத்து. ஆதரவு தருவோம் என்பதற்கு அங்கே வருவது 'நுவாஸிக்க' என்ற சொல். முவாஸாத் என்பதன் வினைவடிவம். உஸ்வாவும் அதே வேர்தான். நுவாஸிக்கவும் அதே வேர்தான். முன்னது அவரை உண்மையில் நிலைநிறுத்தியது. பின்னது உண்மையிலிருந்து பெயர்த்தெடுக்க வந்தது. சொல் ஒன்றாக இருந்தும் கஅப் ஏமாறவில்லை. இதுவும் ஒரு சோதனையே என்று கூறி, அக்கடிதத்தைக் கொண்டுபோய் அடுப்பிலிட்டு எரித்தார். வைத்திருந்தால் மற்றொரு தளர்ந்த இரவில் மீண்டும் படிக்கத் தோன்றக்கூடும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

ஆறுதலை உரைக்கும் உரைகல் இங்கே நமக்குக் கிடைக்கிறது. நம் துயரில் நம்மிடம் வருபவர், நாம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வலிமை தருகிறாரா, அவ்விடத்தை விட்டு விலகிவிட அழைக்கிறாரா? குடும்பப் பூசலில் வெந்திருப்பவரிடம் இணக்கத்துக்கு வழி சொல்பவரும் உண்டு. பிரிவுக்குத் தூண்டுபவரும் உண்டு. இருவர் சொல்லும் செவிக்கு இனிமையாகவே ஒலிக்கும்.

நாற்பதாம் நாளில் மனைவியரை விட்டும் விலகியிருக்குமாறு ஆணை வந்தது. முதியவரான ஹிலாலின் மனைவி அவருக்குப் பணிவிடை செய்ய அனுமதி கேட்டுப் பெற்றார். நீரும் அவ்வாறு கேட்கலாமே என்று குடும்பத்தார் சிலர் கஅபிடம் கூறினர். தாம் இளைஞர் என்று அவர் மறுத்துவிட்டார். ஒருவருக்குப் பொருந்திய தீர்வு மற்றவருக்குப் பொருந்த வேண்டியதில்லை. ஆலோசனையை மரியாதையுடன் கேட்டு ஏற்காமலும் விடலாம்.

ஐம்பதாம் இரவு கழிந்த ஃபஜ்ர் தொழுகைக்குப்பின் தம் வீட்டு மாடியில் அமர்ந்திருந்தபோது, ஸல்உ மலைமீதிருந்து நற்செய்தி கூவும் குரல் கேட்டது. கஅப் ஸஜ்தாவில் விழுந்தார். இதற்கென ஒருவர் குதிரையில் விரைந்திருந்தார். மற்றொருவர் ஓடிச் சென்று மலையேறிக் கூவினார். குரல் குதிரையை முந்திவிட்டது. ஐம்பது நாட்கள் வாய்திறவாத மக்கள், திறக்க அனுமதி கிடைத்த கணத்தில் ஒருவரையொருவர் முந்தினர் என்பதிலிருந்தே, அந்த மௌனத்தின் அடியில் என்ன இருந்தது என்பது விளங்கும். குரல் கொடுத்தவருக்குக் கஅப் தம் இரு ஆடைகளையும் பரிசளித்து, இரவல் ஆடையில் பள்ளிக்குச் சென்றார். மூவரின் மன்னிப்பைக் குறிக்கும் வசனம் 9:118 ஆகும்.

பள்ளியில் தல்ஹா இப்னு உபைதில்லாஹ் (ரலி) எழுந்து விரைந்து வந்து கைகுலுக்கி வாழ்த்தினார். முஹாஜிர்களில் வேறெவரும் எழவில்லை. தல்ஹாவின் அச்செயலை நான் மறக்கவே மாட்டேன் என்று பார்வையற்ற முதுமையிலும் கூறினார் கஅப். ஒருவர் எழுந்து நடந்து வந்த சில அடிகள் ஒரு வாழ்நாள் முழுவதும் நினைவில் நின்றன.

இங்கொரு எச்சரிக்கையும் தேவை. அம்மூவருடன் பேசாதிருந்தது நேரடி நபிக் கட்டளையால் நிகழ்ந்த தனிநிகழ்வு. சொந்தப் பூசலுக்காக ஒரு முஸ்லிம் தன் சகோதரரிடம் மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருப்பது கூடாது என்பதே பொதுவிதி. துயரில் இருக்கும் குடும்பத்தை ஊரார் ஒதுக்கி வைப்பதற்கு இவ்வரலாற்றில் ஆதாரம் தேட இடமில்லை.

கேட்பவர் சுமக்கும் அமானிதம்

சொல்பவருக்கு நிபந்தனைகள் இருப்பது போலக் கேட்பவருக்கும் உண்டு. அவை இன்னும் கடுமையானவை. ஆலோசனை கேட்கப்படுபவர் நம்பிக்கைக்குரியவராக ஆக்கப்பட்டவர் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தால், அச்சொல் அமானிதம் ஆகிவிடுகிறது என்பது மற்றொரு நபிமொழியின் கருத்து. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று வாயால் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பார்வையே போதும். துயரைச் சொல்லத் தயங்குவோரின் தயக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் அவர்களின் பொறுமை அன்று, நம்முடைய நாவு.

இரகசியம் காப்பது ஒரு கடமையெனில், உண்மை கூறுவது மற்றொரு கடமை. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண்கேட்ட முஆவியா, அபூ ஜஹ்ம் இருவரைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார். ஒருவரிடம் பொருளில்லை, மற்றவர் கைத்தடியைத் தோளிலிருந்து இறக்காதவர் என்று அவ்விருவரின் நிலையையும் மறைக்காமல் கூறி, உஸாமாவை மணக்குமாறு வழிகாட்டினார்கள். ஆலோசனை கேட்டு வந்தவரின் நலனுக்கு வேண்டிய அளவு உண்மையைச் சொல்வது புறம்பேசுதல் ஆகாது என்பதற்கு அறிஞர்கள் இதனைச் சான்றாகக் கொள்கின்றனர்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ், வஃபாத் ஹி. 505) இஹ்யா உலூமித்தீனில் தோழமையின் உரிமைகளை எட்டாக வகுக்கிறார்கள். பொருளால் உதவுதல், உடலால் உதவுதல், நாவை அடக்குதல், நாவால் அன்பைப் புலப்படுத்துதல், பிழை பொறுத்தல், பிரார்த்தித்தல், விசுவாசம் காத்தல், சுமையாகாதிருத்தல் என்பன அவை. இவ்வரிசையில் பொருளுதவி முதலிலும் பேச்சு பின்னரும் வருவது கருதத்தக்கது. கடனில் தவிப்பவருக்குப் பொறுமையைப் பற்றி உரையாற்றுவது எளிது. ஒரு பகுதியேனும் தாம் ஏற்பது கடினம். கூறாமலிருப்பதைக் கூறுவதற்கு முன்னர் வைத்திருப்பதும் அதேபோல் பொருள் பொதிந்தது.

எட்டாவது உரிமை துயருற்றவரையும் கட்டுப்படுத்தும். நண்பர் ஒருவரே எல்லாச் சுமையையும் தாங்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது தோழமையைத் தேய்த்துவிடும். உறக்கம் கெட்டு, உணவில் விருப்பமற்று, வாழ்வில் பிடிப்பிழந்து வாரக்கணக்கில் நலிபவருக்கு நண்பரின் சொல் மட்டும் போதாது. மருத்துவரை நாட வேண்டும். அப்போது உடன் செல்வதே நண்பர் செய்யத்தக்க உதவி. அன்னை கதீஜா (ரலி) வரகாவிடம் அழைத்துச் சென்றதும் இவ்வகையதே.

தோழமை வாய்க்காதோர்

எல்லோருக்கும் முஆதும் தல்ஹாவும் வாய்ப்பதில்லை என்பதையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் பேரெழுத்தாளர் அபூ ஹய்யான் தவ்ஹீதி, நட்பையும் நண்பரையும் பற்றியே ஒரு தனிநூல் இயற்றியவர். உண்மை நண்பர் எவருமில்லை என்ற கசப்புடன் அந்நூலைத் தொடங்குகிறார். வாழ்வின் இறுதியில் தம் நூல்களை எரித்துவிட்டு, அதற்கு விளக்கமாக எழுதிய மடலில், இருபதாண்டுகள் உடன்வாழ்ந்தும் ஒருவரிடமும் தூய அன்பு தமக்குக் கிட்டவில்லை என்று முறையிடுகிறார். நட்பைப் பற்றி அவ்வளவு எழுதியவர் அதற்காகவே ஏங்கி மறைந்தது, அவருடைய சமூகத்தின் மீதும் ஒரு குற்றச்சாட்டாக நிற்கிறது.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த காழி தனூகி (வஃபாத் ஹி. 384) வேறொரு வழி கண்டார். நெருக்கடிக்குப்பின் விடிவு கண்டோரின் வரலாறுகளைத் திரட்டி 'அல்ஃபரஜ் பஅத ஷித்தா' என்ற பெருநூலை உருவாக்கினார். தம் துன்ப காலங்களில் இப்பொருளிலமைந்த முந்தைய நூல்களைப் படித்து ஆறுதல் பெற்றதாக அதன் முன்னுரையில் குறிப்பிடுகிறார். உயிரோடு ஒரு தோழர் அருகில் இல்லாதபோது, முன்னர் துன்புற்று மீண்டோர் ஏடுகளின் வழியே தோழராகின்றனர். கஅப் (ரலி) தம் வரலாற்றை முதுமையில் விரிவாக எடுத்துரைத்ததன் பயனும் இதுவாக அமைந்துவிட்டது. அவருக்கு முராராவும் ஹிலாலும் உஸ்வாவாக இருந்தனர். பின்வந்தோர்க்கு அவரே உஸ்வாவாகிவிட்டார்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். துயரை அல்லாஹ்விடம் முறையிடுவதே முதன்மை. அதனோடு, நம்பத்தக்க ஒருவரிடம், தப்பும் வழியைக் கேட்காமல் நேரிய வழியைக் கேட்கும் நோக்கில் எடுத்துரைப்பது பொறுமைக்கு முரணன்று. எனினும், நல்ல நண்பர் எங்கே என்று தேடுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. நம் தெருவிலும் நம் பள்ளியின் வரிசையிலும் எவரோ ஒருவர் தம் ஐம்பது இரவுகளில் ஏதோ ஓர் இரவைக் கழித்துக்கொண்டிருக்கக்கூடும். அவர் வந்து சொல்லத்தக்க நிலையில் நம் நாவும் நெஞ்சும் இருக்கின்றனவா என்பதையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குரிய தகுதியை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக.